முகமூடி கொடுத்தீர்களா?

வாசலில் வந்து நின்றவரை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கணவரின் மரப்பட்டறையில் பதினான்கு வருஷம் பாலிஷ் அடித்தவர். அவர் கை பட்ட பலகையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று சொல்லிச் சொல்லியே கண்ணாடி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு மாடி ஏறி வந்ததில் பேச்சு வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நுரையீரல் போச்சு அண்ணி. ஸ்ப்ரே புகையாலதான்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். வக்கீலப் பார்த்தேன். நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நானே வந்து சொல்லிடலாம்னு…"

"அவர் போயி மூணு வருஷமாச்சு. பட்டறையும் மூடியாச்சு. யார்மேல கேஸ் போடுவீங்க?"

"உங்ககிட்டேருந்து ஒண்ணும் வேணாம். ஆள் வச்சு வேலை வாங்கினா இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கே, அண்ணன் வருஷா வருஷம் எடுத்தாரே, அந்தக் கம்பெனி கொடுக்குமாம். பத்திரம் இருந்தா போதும்னாங்க."

மூன்று நாள் தேடினாள். கட்டிலுக்கடியில், பரணில், மருமகள் வேண்டாமென்று ஒதுக்கிய பெட்டியில். கிடைத்துவிட்டது. ஒரு வருஷத்தின் தாளை மட்டும் எலி கடித்திருந்தது, எண் தப்பித்திருந்தது. இத்தோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கம்பெனி அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். ஏழாவது கேள்வி: தொழிலாளிக்கு முகமூடி கொடுக்கப்பட்டதா?

"இதுல என்ன எழுதணும்?" என்று கேட்டாள்.

"நடந்தத எழுதுங்கம்மா. வியாதி வந்தா மட்டும் பணம் வராது. முதலாளி கவனிக்காம விட்டதால வந்துச்சுன்னு தெரியணும். அவர் கொடுத்தும் இவர் போடலைன்னா, கிளெய்ம் நிக்காது."

பட்டறைக்குச் சாமான் பட்டியல் போட்டது அவள்தான். கண்ணாடி இரண்டு தடவை முகமூடி கேட்டார். "துண்ட நனைச்சுக் கட்டிக்கய்யா. ஒரு மூக்குக்கு வாங்கினா எல்லா மூக்கும் கேக்கும்" என்றார் கணவர். பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் பட்டியலில் எழுதியிருந்த முகமூடி வரியை அடித்தாள்.

மகன் படிவத்தைப் படித்துவிட்டு மேஜையில் போட்டான்.

"அப்பாவ நீங்களே குத்தவாளி ஆக்கப்போறீங்களா? ஞாபகமில்லைன்னு எழுதுங்கம்மா."

"ஞாபகம் இருக்கேப்பா."

"அவர் வந்து பதில் சொல்ல முடியுமா?"

"அவருக்காக எத்தனையோ பேர்கிட்ட எத்தனையோ சமாளிச்சாச்சு. அலுத்துப்போச்சு. இனிமே என்னால ஆகாது."

மகன் அன்று சாப்பிடாமல் போனான். அவள் எழுதினாள்: கொடுக்கவில்லை. இரண்டு முறை கேட்டார். பட்டியலில் எழுதியிருந்ததைக் கணவர் சொல்லி நான்தான் அடித்தேன். கையெழுத்துப் போடும்போது கண்ணீர் வரும் என்று நினைத்திருந்தாள். கொட்டாவிதான் வந்தது.

கம்பெனி எட்டு மாதம் இழுத்தது. ஏழாவது கேள்வியையே மூன்று கடிதங்களில் வேறு வேறு விதமாகக் கேட்டது. மூன்றுக்கும் அதையே எழுதினாள். மகன் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டான், பேரனைக் கூட்டிவருவதையும்.

ஒரு மத்தியானம் கண்ணாடி போனில் கூப்பிட்டார். பணம் வந்துவிட்டதாம். மூச்சு மெஷின் வாங்கி, கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறாராம்.

"அண்ணன் நல்ல மனுஷன்தான் அண்ணி. யார் என்ன சொன்னாலும்."

"நல்லவர்தான்," என்றாள். "முகமூடி வாங்கித் தரல. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் அவர் சிரிக்கப் பார்க்க, இருமல் பிடித்துக்கொண்டது. நெடுநேரம் இருமினார். அது அடங்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.