சிவப்புக் காருக்குள் ஒரு வாடை

1

இந்தக் கதை ஒரு வாடையில் பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விலைக்கு நின்ற ஒரு பழைய சிவப்புக் காருக்குள் தலையை விட்டேன். ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அம்புட்டுதான். அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "அந்தக் காரில் ஒருவன் செத்திருக்கிறான் என்று பார்த்தவுடனே எனக்குத்"

அடித்துவிட்டேன். பார்த்தவுடனே எனக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகம்தான் வந்தது. சந்தேகப்பட்டதைத் தெரிந்ததாக எழுதினால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். (நம்பவேண்டாம் என்று நானே பின்னால் சொல்லப்போகிறேன். செத்த நேரம் பொறுங்கள்.)

2

கார் வாங்க வந்தவன் என் மகன் சூர்யபிரகாஷ். பட்டாளத்துக்காரன், லீவில் வந்திருந்தான். நான் இராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி கம்பெனியில் வெளுப்புத் தொட்டியில் நிற்கிறவன். துணியை பிளீச்சிங் தண்ணீரில் முக்கிப் புரட்டி அலசி எடுத்து

அதை எழுதவே கை வலிக்கிறது. காருக்குப் போவோம்.

பார்வைக்கு எல்லாக் காரையும்போல நாலு கதவு, பின்னால் டிக்கி. ஆனால் எஞ்சின் வேகத்துக்கென்றே செய்தது. மகன் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டான். பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"டர்போப்பா!"

"இம்புட்டு வேகம் எதுக்குலே?"

"அங்க மலையில லாரிய உருட்டுதேன். லீவுலயாவது செத்த வேகமாப் போறேனே."

அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. புரோக்கர் சாம்சனும் சிரித்தார், பால்கோவா பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். விற்கிறவன் இனிப்புக் கொடுத்தால் எனக்கு அந்தச் சாமான்மேல் சந்தேகம் வரும். வாயில் போட்டுக்கொண்டே காரைச் சுற்றி வந்தேன். மற்ற சீட் பெல்ட்டெல்லாம் வெளுத்துக் கிடந்தது. டிரைவர் பெல்ட் மட்டும் புதுசு.

"இது மட்டும் என்ன புதுசு?"

"எலி கடிச்சிருச்சு அண்ணாச்சி."

"எலிக்கு டிரைவர் சீட்டுதான் வேணுமாக்கும்?"

"அது லைசென்ஸ் எடுத்துட்டா ஏறுது?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் நான் தலையை உள்ளே விட்டேன்.

"மருந்துத் தண்ணி வாடைலே. பெல்ட்ட மாத்தி, ரத்தக்கறையக் கழுவியிருக்காவ. ஓட்டுனவன் பொழச்சிருக்க மாட்டான். வேண்டாம், வா."

மகன் சிரிப்பு நின்றது. சாம்சன் தானும் தலையை விட்டு மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தேன்.

3

சாம்சனுக்கு ஒரு தங்கப்பல் வைத்து எழுதினேன். அவருக்குத் தங்கப்பல் கிடையாது. திருட்டு முழி வைத்தேன், அதுவும் கிடையாது. கதைக்கு ஒரு களவாணி இருந்தால் எழுத வசதியாக இருக்கிறது. ஒருவேளை எலிதான் கடித்திருக்கும். ஒருவேளை நான் தங்கப்பல்லைக் கட்டிவிட்டதுபோல அவர் எலியைக் கட்டிவிட்டாரோ. எனக்கே பிடிபடவில்லை.

(எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது, மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்து. அதனால் ஒரு வாக்கியம் எழுதினால் அது உண்மைதானா என்று நாலுதரம் தடவிப் பார்ப்பேன்.)

4

வீட்டில் என் பெண்டாட்டி மாரிக்கனியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"கார்ல அடிச்ச வாடையா, உங்க மேல அடிச்ச வாடையா?"

"ஏட்டி, எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"உங்களுக்கா? போன மாசம் பால் தீஞ்சு வீடே புகைஞ்சது. நீங்க வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீய. தொட்டித்தண்ணி உங்க மூக்கத் தின்னு முடிச்சு வருசமாச்சு."

மகன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்க மாட்டான். (கேட்டிருப்பானோ?) குளித்து வந்தவன் இதைச் சொன்னான்:

"நாளைக்குக் குளிச்சிட்டு, புது வேட்டி சட்டையில வாங்கப்பா. இன்னொரு தரம் ஏறிப் பாருங்க. அப்பவும் வாடை அடிச்சா இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன். அடிக்கலேன்னா காரை வாங்கிருவேன். உங்க வார்த்தைதான்."

5

மறுநாள் மாரிக்கனியும் கூட வந்தாள். சாம்சன் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருந்தார். காருக்குள் கண்ணாடியில் மல்லிகைச்சரம் தொங்கியது. நான் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

ஒரு வாடையும் இல்லை.

சந்தோஷப்பட்டேன் என்று முந்தின பிரதியில் எழுதியிருந்தேன். பொய். வாடை இல்லாததே எனக்குச் சந்தேகம். மல்லிகைச்சரத்தை இழுத்து மூக்கில் வைத்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன்.

மல்லிகையும் மணக்கவில்லை.

வெளியே மகன் குனிந்து கதவுக் கண்ணாடியைத் தட்டினான். "என்னப்பா, இருக்கா?" அவனுக்குப் பின்னால் மாரிக்கனி, என் மூக்கருகே பூ இருப்பதைப் பார்த்துக்கொண்டு. நான் எதைச் சொன்னாலும் அது தெரியாமல் சொன்னது என்று அவளுக்குத் தெரியும்.

6

ஒரு முடிவு: "இருக்குலே." மகன் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் எங்களோடு வருகிறான். உயிரோடு இருப்பான். ஆனால் தென்காசி ரோட்டில் சிவப்பாக எது போனாலும் தலை திரும்பும். ஒருநாள் அம்மாவிடம் கேட்பான், அப்பாவுக்கு நிஜமாவே வாடை

இன்னொன்று: "இல்லலே." பழம் நசுங்குகிறது, கார் சீறிக்கொண்டு போகிறது. அவன் சிரிப்பைப் பார்க்கிறேன். பொறவு அவன் வீடு திரும்புகிறவரை ஒவ்வொரு தடவையும் நான்

இரண்டையும் முடிக்க என்னால் ஏலவில்லை. எதை எழுதினாலும் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி மகனை நம்பவைத்தவன் ஆகிறேன். அதனால் இந்த இடத்திலேயே, கதவு சாத்தியபடி, பூவோடு உட்கார்ந்திருக்கிறேன். மகன் இன்னும் குனிந்துதான் நிற்கிறான். அவனுக்கு இடுப்பு வலிக்கும்.

உங்கள் மூக்கு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நான் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்துகொள்கிறேன். ஏறி உட்காருங்கள், மூச்சை இழுத்துப் பார்த்து அவனிடம் நீங்கள் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அது புதுசுதான்.