கத்திகளுக்கு ஒரு பை

அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் காலை பஸ்ஸில் அன்றைக்கு நிற்கவும் இடமில்லை. தர்மிளா பின்வாசலுக்குப் பக்கத்தில் ஓர் உரப்பையைக் காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் அவளுடைய கத்திகளும் கரண்டிகளும் இருந்தன. கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கோயில் அன்னதானம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சமைப்பவள் அவள். அன்றைக்குப் பரந்தனில் ஒரு புது வீடு குடிபூரல். ஒவ்வொரு கத்தியையும் பழைய பேப்பரில் சுற்றி, றப்பர் வளையம் போட்டு, அதற்கு மேல் துவாய்த் துண்டையும் சுற்றித்தான் வைத்திருந்தாள்.

பஸ் றோட்டுப் பள்ளம் ஒன்றில் விழுந்தெழும்பியது. பை சரிந்தது. துணி கிழிபடுவது போல நீளமாக ஒரு சத்தம் கேட்டது.

பூசணிக்காய் வெட்டும் பெரிய கத்தி பேப்பரையும் துவாயையும் பையையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பக்கத்தில் நின்ற மனிதர் ஒரு கறுப்பு றெக்சீன் சுருளை நிமிர்த்திப் பிடித்திருந்தார். அந்தச் சுருளில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஒரு விரல் தள்ளியிருந்தால் அவருடைய தொடை.

அந்த மனிதர் றெக்சீனைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார்.

"இது என்ன கத்தி?"

"பூசணிக்காய் வெட்டிறது."

"நல்ல கூர்," என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். கொண்டக்டர் சிரிக்கவில்லை. "அக்கா, இனி உந்தப் பையோட என்ர பஸ்ஸிலை ஏறக்கூடாது. ஆரின்ரையாவது குடல் வெளியிலை வந்தா நான்தான் பொலிசுக்குப் போகவேணும்," என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அக்கராயனிலிருந்து வெளியே போக அவளுக்கு அந்த பஸ்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசுவமடுவில் முந்நூறு பேருக்குச் சாமத்தியவீட்டுச் சாப்பாடு என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெரிய சட்டிகளை முதல்நாளே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் அனுப்பிவிடலாம். ஒவ்வொரு முறையும் லான்ட்மாஸ்டர் பிடிக்க முடியாது.

கிளிநொச்சியில் இறங்கியதும் அவள் அந்த மனிதரை நிறுத்தி, நட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அவர் பெயர் நிஷாந்தன். கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு சீற் தைக்கும் கடை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். நிதானமாகப் பேசினார்.

"இந்தத் துண்டை இனி சீற்றுக்கு எடுக்கேலாது. உங்கட கத்திக்கு ஒரு பை தைக்கலாம். கத்தியளைக் கொண்டு வாங்கோ, அளவெடுப்பம்."

"கொண்டு வாறதெண்டா பஸ்ஸிலை ஏத்தவேணுமே."

தர்மிளாவே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்று வீடு திரும்பியதும் பேப்பர்களைத் தரையில் விரித்து, ஆறு கத்திகளையும் துளைக்கரண்டியையும் இடுக்கியையும் தீட்டுக்கல்லையும் ஒவ்வொன்றாக வைத்து, சுற்றிப் பேனையால் கோடு இழுத்தாள். உள்ளே பெயரும் எழுதினாள்: வெங்காயம், மீன், இறைச்சி, பூசணி. செவ்வாய்க்கிழமை அந்தப் பேப்பர்களைக் கடைக்குக் கொண்டுபோனாள். நிஷாந்தன் அவற்றை மேசையில் பரப்பிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒருத்தரும் இப்பிடி அளவு கொண்டு வந்து தந்ததில்லை," என்றார்.

வியாழக்கிழமை பை தயாராக இருந்தது. வரிசையாக ஒன்பது அறைகள். ஓரமெல்லாம் சிவப்புப் பட்டி வைத்து, புது மோட்டார் சைக்கிளின் இருக்கை மாதிரி மினுங்கியது. சுருட்டிக் கட்டினால் ஒரு கையில் அடங்கும். தர்மிளா அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள். அவளோடு சமைக்கப் போகும் அத்தை பேச்சியம்மா அதைத் தடவிப் பார்த்து, "இத அடுப்படியில வைக்கவே மனசு வராது புள்ள. சாமி மாடத்துல வச்சிரு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை விரித்துப் பார்த்தபோது இரும்புக் கத்திகள் மூன்றில் துருப் புள்ளிகள் இருந்தன. முதல்நாள் இரவு கழுவித் துடைத்துத்தான் வைத்திருந்தாள். றெக்சீனுக்குள் காற்றுப் போகாமல் ஈரம் உள்ளேயே வேர்த்திருந்தது. பூசணிக் கத்தியின் முனை அடித்தையலை அறுத்து வெளியே எட்டிப் பார்த்தது. தலைகீழாகப் பிடித்தால் வெங்காயக் கத்தி வழுகி விழுந்தது.

சொல்லுவதா விடுவதா என்று யோசித்தாள். அந்த மனிதர் சும்மா செய்து தந்த வேலை. குறை சொன்னால் முகம் சுளிப்பார். ஆனால் பஸ்ஸில் இன்னொருவருக்கு வெட்டுப்பட்டால்? கத்திகளை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் பையோடு மதிய பஸ் ஏறினாள்.

நிஷாந்தன் அறுந்த தையலில் விரலை விட்டுப் பார்த்தார். உடனே முகம் சுருங்கிவிட்டது.

"பதினைஞ்சு வருசமா சீற் தைக்கிறன். ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை."

"சீற்றிலை ஆக்கள்தானே இருக்கினம். கத்தி இருக்கிறேல்லையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே பிளேட்டை எடுத்து, தானே போட்ட தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அப்ப சொல்லுங்கோ. என்ன செய்வம்?"

"உள்ளுக்குத் தடிப்பான துணி வேணும். ஈரத்தை இழுக்கவேணும். பிடிப் பக்கத்திலை மேலாலை மடிச்சு மூடுறமாதிரி ஒரு பட்டை. அடியிலை கத்தி அறுக்காத சாமான் ஏதும்."

நிஷாந்தன் கடைக்குப் பின்னால் போய்த் தன்னுடைய பழைய ஜீன்ஸ் ஒன்றையும், ஓட்டை விழுந்த சைக்கிள் ரியூப் ஒன்றையும் கொண்டு வந்தார். ஜீன்ஸின் காலைப் பிரித்து விரித்தார்கள். அதன் பின்பொக்கற்றைக் கழற்ற வேண்டாம், தீப்பெட்டி வைக்க உதவும் என்று தர்மிளா சொன்னாள். அவர் துணியை மிசினில் வைத்து முதல் அறையைத் தைத்தபோது அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அந்தத் தையல் நேராப் போனா கத்தி உள்ளுக்குப் போகாது. கொஞ்சம் சரிச்சு வரவேணும்," என்றாள்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமோ?"

"காமென்ர் பக்டரியிலை நாலு வருசம் உடுப்புத் தைச்சனான். ஒரு நாளைக்கு அறுநூறு கொலர் வைப்பன்."

அவர் எழும்பி இடம் விட்டார்.

தர்மிளா உட்கார்ந்து மிதித்தாள். பழக்கமில்லாத மிசின் முதலில் இரண்டு தரம் நூலை அறுத்தது. பிறகு பணிந்துவிட்டது. அவள் அறைகளைத் தைத்து முடிக்க, ரியூப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அடியில் வைத்து, ஊசியால் குத்திக் குத்திக் கையால் தைத்தார் நிஷாந்தன். இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. நூல், கத்தரிக்கோல், பிடியுங்கோ, விடுங்கோ. அவ்வளவுதான். ஆனால் காமென்ரை விட்ட பிறகு ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்வது இவ்வளவு இலேசாக இருந்ததில்லை என்று தர்மிளாவுக்குப் பட்டது.

அந்த நேரத்தில்தான் விமலேஸ்வரி சாப்பாட்டுக் கரியரோடு வந்தார். நிஷாந்தனுடைய மூத்த அக்கா. தம்பியின் மிசினில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த மிசினை அவர் தொடவும் தம்பி விட்டதில்லை.

"இவா சமையல் செய்யிறவா, அக்கா. கத்திக்குப் பை தைக்கிறம்," என்றார் நிஷாந்தன்.

விமலேஸ்வரி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தர்மிளாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எந்த இடம் பிள்ளை?"

"அக்கராயன், அக்கா."

"அதுக்கு முந்தி?"

தர்மிளா மிசினை நிறுத்தினாள். இந்தக் கேள்வி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருடங்களுக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்த குடும்பம், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனது. அதற்குப் பிறகு அவள் யாரையும் வரவிடவில்லை.

"நான் பிறந்ததும் அக்கராயன்தான். அப்பா ஆக்கள் எழுபத்தேழு கலவரத்திலை ஹற்றனிலை இருந்து வந்தவை. தேயிலைத் தோட்டத்து ஆக்கள்," என்றாள் தெளிவாக.

"ம்," என்றார் விமலேஸ்வரி. கரியரை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

தர்மிளா மிச்சத் தையலை வேகமாக முடித்தாள். வாரும் வளையமும் பூட்ட வேண்டியிருந்தது. அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஞாயிறு காலமை நான் விசுவமடுவுக்குக் கொண்டு வந்து தாறன்," என்றார் நிஷாந்தன்.

"நீங்கள் கரைச்சல்படவேண்டாம். நான் பிறகு வந்து எடுக்கிறன்."

"தைச்சது சரியோ எண்டு நானும் பாக்கவேணும்தானே."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது விசுவமடு வீட்டின் பின்வளவில் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கத்திகளைச் சனிக்கிழமையே பெரிய சமையல் கிடாரத்துக்குள் போட்டு லான்ட்மாஸ்டரில் கொண்டு வந்திருந்தார்கள். காய் வெட்ட வருவதாகச் சொன்ன இரண்டு பேர் வரவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், மற்றவள் தொலைபேசியையே எடுக்கவில்லை. நாலு பூசணிக்காயும் ஒரு மூட்டை வெங்காயமும் கிடந்தன. பேச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நிஷாந்தன் ஆறரைக்கு வந்து சேர்ந்தார். பையின் இரண்டு மூலையிலும் இரும்பு வளையம் பூட்டியிருந்தார். பந்தல் கம்பத்தில் இரண்டு கொழுக்கியை மாட்டி, பையை விரித்துத் தொங்கவிட்டார். தர்மிளா கத்திகளை ஒவ்வொன்றாக வைத்தாள். எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அடுப்படியில் நின்றபடியே கையை நீட்டினால் எது வேண்டுமோ அது வந்தது. அவள் பூசணிக் கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக நாலைந்து தரம் செய்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"ஆக்கள் காணாது போல கிடக்கு. நான் வெட்டட்டோ?"

மறுக்கும் நிலையில் அவள் இருக்கவில்லை. அவர் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பூசணிக்காயின் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டையும் முந்திய துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, அளவு பார்த்து வெட்டினார். அரை மணித்தியாலத்தில் கால் பூசணிக்காய்தான் முடிந்திருந்தது. ஆனால் துண்டுகள் அச்சில் வார்த்தது போல இருந்தன.

பேச்சியம்மா பொறுத்துப் பார்த்தாள். "தம்பி, சீட்டு தைக்கிற மாதிரி வெட்டிக்கிட்டிருந்தீங்கன்னா, சடங்காகிற புள்ளைக்கு கல்யாணமே வந்துரும்."

அதற்குப் பிறகு அவர் வேகம் பிடித்தார். வெங்காயத்துக்கு வந்தபோது கண்ணீர் வழிந்தது, நிறுத்தவில்லை. பன்னிரண்டரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயாசம். வீட்டுக்காரர் இரண்டு தரம் பின்வளவுக்கு வந்து, பால்கறி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மூன்று மணிக்கு எல்லாம் ஓய்ந்தபிறகு, கிணற்றடியில் தர்மிளா கத்திகளைக் கழுவ, நிஷாந்தன் துடைத்துப் பையில் வைத்தார். வெங்காயக் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு நாப்பத்தொரு வயசு. கடை இருக்கு, அக்காவின்ர வீட்டோட ஒரு அறை இருக்கு. நான் வளைச்சுக் கதைக்கத் தெரியாத ஆள். உங்களைக் கட்டலாமோ எண்டு கேக்கிறன்."

தர்மிளா கழுவிய கத்தியையே மறுபடியும் கழுவினாள். பெண் பார்க்க வந்தவர்கள் அரைவாசியில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணிக் கோப்பைகள் நினைவுக்கு வந்தன.

"உங்கட அக்கா அண்டைக்கு எழும்பிப் போனவா. அவாவைக் கேட்டனீங்களோ?"

"நேற்றுக் கேட்டனான். 'மிசினைத் தொடவிட்டிட்டாய், இனி என்னட்டை என்ன கேள்வி' எண்டவா." அவர் கத்தியைப் பையில் செருகினார். "மனம் விட்டுச் சொன்னதோ தெரியாது. ஆனா அக்கா வேண்டாம் எண்டிருந்தாலும் நான் இண்டைக்கு வந்திருப்பன்."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் தர்மிளா. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பேச்சியம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அத்தை பாயாசத்தின் அடியை வழித்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த வாரம் விமலேஸ்வரி அக்கராயனுக்கு வந்தார். முதலில் கதிரை நுனியில்தான் உட்கார்ந்தார். ஊர்க் கதை, வெயில் கதை என்று கொஞ்ச நேரம் போனது. பேச்சியம்மா அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாம் தரம் சம்பல் கேட்டபோது விமலேஸ்வரியின் முதுகு கதிரையில் சாய்ந்திருந்தது. போகும்போது தர்மிளாவின் கையைப் பிடித்து, "அண்டைக்கு நான் கேட்டது பிழை. மனதிலை வைச்சிருக்காதை," என்றார். தர்மிளா ஓம் என்றாள். மனதில் இருந்தது அன்றே முழுவதும் போய்விடவில்லை. ஆனால் போகத் தொடங்கியது.

ஆவணியில் நாள் வைத்தார்கள். அக்கராயன் வீட்டு வளவிலேயே பந்தல், எண்பது பேர். சமையலுக்கு வெளியே ஆள் பிடிக்கலாம் என்று நிஷாந்தன் சொன்னதை தர்மிளா கேட்கவில்லை. கடைசியில் பேச்சியம்மா பொறுப்பெடுத்தாள், மணப்பெண் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

பதிவுகாரர் பத்தேகாலுக்குப் புத்தகத்தை விரித்து, பேனையைத் திறந்து, மணமகள் எங்கே என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூறைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் அகப்பையோடு குசினிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள் தர்மிளா.

"ரசத்துக்கு உப்புக் காணாது," என்று சொல்லிவிட்டு, அகப்பையை விமலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள்.