அக்காவின் இடது பக்கம்

முப்பது வருடமாக மரங்களைத்தான் வரைகிறேன். மனிதர்கள் எனக்குச் சரிப்பட்டு வராது. அசைவார்கள், பேசுவார்கள், எல்லாம் முடிந்த பிறகு மூக்கு சரியில்லை என்பார்கள். இதெல்லாம் நன்றாகத் தெரிந்தும் என் அக்கா ஒருநாள் காலையில் நான் வரையும் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னை வரைடி. சட்டை இல்லாம. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இடது மார்பை எடுத்துடுவாங்க. அதுக்கு முன்னாடி நான் முழுசா ஒரு எடத்துலயாவது இருக்கணும்."

எரிந்து விழுந்தேன். "அம்பத்தெட்டு வயசுல உனக்கு ஏன் இந்தக் கூத்து? வேற ஆளைப் பாரு."

"வேற யாரு முன்னாடி போய் உக்காரச் சொல்ற? உன் மரத்தைவிட நான் என்ன மட்டமா?"

தாளை விரித்தேன். பயம் வந்தால் கத்துவது என் பிறவிக் குணம்.

என் ஜன்னலில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் நல்ல வெளிச்சம். முதல் நாள் பென்சிலில் உருவத்தைப் போட்டேன். அடுத்த இரண்டு நாளும் வண்ணம். ஈரத்தில் கை பட்டுவிடக் கூடாதென்று தாளின் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது பக்கமாக நகர்வேன். கை அப்படித்தான் பழகியிருக்கிறது. மூன்றாம் நாள் வேலை மும்முரமாக நடக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கே ஆபரேஷனாம், இன்று மதியமே வந்து சேரச் சொன்னார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா படத்தைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவளின் வலது பக்கம் தாளில் இடது பக்கம் அல்லவா வரும்? அவளுடைய வலது தோள், வலது மார்பு, வலது கை எல்லாம் அச்சு அசலாக முடிந்திருந்தன. இடது மார்பு வெறும் பென்சில் கோடு. போகப்போவதை விட்டுவிட்டு, இருக்கப்போவதை உட்கார்ந்து வரைந்திருக்கிறேன்.

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "வலதைப் பாத்து இடதைப் போட்டுடறேன் அக்கா. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? என் பொண்ணு இடது பக்கம்தான் குடிப்பா. வலது பக்கம் வச்சா வீடே இடிஞ்சு விழற மாதிரி கத்துவா. அவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் போனாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஏழு வாரம் கழித்து அவள் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வச்சிருக்காங்க. வெளக்கை அணைச்சுட்டுத்தான் குளிக்கிறாங்க. இன்னும் அந்த எடத்தைப் பாக்கவே இல்ல."

மறுநாள் அக்காவே வந்தாள். பழைய நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பொத்தான்களைக் கழற்றினாள். "மீதியைப் போடு."

அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரை சற்றே கோணலாக ஒரு தழும்பு ஓடியது. கிளை வெட்டிய இடத்தை நூறு தடவை வரைந்தவள் நான். ரப்பரை எடுத்தேன்.

"என்ன பண்ற?"

"பழைய கோட்டை அழிக்கிறேன்."

"அழிக்காதடி. இருந்துச்சுல்ல? அதுமேலயே போடு."

அப்படியே போட்டேன். இரண்டு காலைகள் ஆயின. தூரிகையைக் கீழே வைத்ததும் அவள் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து படத்தின் முன் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தாளில் இருந்த தழும்பின் மேல் விரலை வைத்தாள். வண்ணம் காயவில்லை. வேறு யாராவது தொட்டிருந்தால் அன்றைக்கு அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அந்தக் கையை மெதுவாகத் தன் சட்டைக்குள் விட்டாள். அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா அக்கா?"

"இல்லடி. கதகதன்னு இருக்கு."