பரமசிவம் வீட்டு வாசலில் வெட்டிய பள்ளம்

தரைக்கடியில் மின்கம்பி பதிக்கும் வேலை அந்த நெசவாளர் தெருவுக்கு வந்தபோது சுகாசினிக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர் அவள். எந்த வாசலில் பள்ளம் வெட்டப் போனாலும் இன்றைக்கு வேண்டாம் என்று யாராவது வந்து நிற்பார்கள். முந்தின தெருவில் ஒருவர், மருமகளுக்குப் பிரசவ நேரம் என்று கெஞ்சினார். அவளும் விட்டுக்கொடுத்தாள். அவரோ காரை வெளியே எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் மருமகளே இல்லை.

அதனால் பட்டு நெய்யும் பரமசிவம் வந்து, "ஏம்மா, வீட்டுக்காரிக்கு ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கிக்கினு இருக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ மவன் கார் எடுத்துக்கினு வரான். அதுவரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இந்த வீட்டுலயும் பிரசவமா சார்?"

வேலையாட்கள் சிரித்தார்கள். பரமசிவம் உள்ளே போனார். ஜேசிபி வாசலை ஒட்டி வெட்டிக்கொண்டே போனது.

சற்று நேரத்தில் உள்ளிருந்து அவர் அலறும் சத்தம் கேட்டது. மகனின் கார் அதற்குள் வந்து, மண்மேட்டைத் தாண்ட முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டிருந்தது. சிரித்த வேலையாட்களில் ஒருவனான ராமராஜன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான். மற்ற ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள். பரமசிவத்தின் மனைவி மங்கையர்க்கரசியை நாற்காலியோடு தூக்கி வந்து, பள்ளத்துக்குள் இறங்கி நின்றவர்கள் தோளில் வாங்கி, அந்தப் பக்கம் ஏற்றிவிட்டார்கள். அந்த அம்மாளின் உதடு நீலம் பாரித்திருந்தது. சுகாசினி அளவு நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்கள் என்று மறுநாள் ராமராஜன்தான் வந்து சொன்னான். இனி தன்மேல் பழி வராது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தோன்றிய மறுகணமே உடம்பு கூசியது.

சாயங்காலம் பரமசிவம் டீயும் வடையும் வாங்கி வந்து ஆட்களுக்கெல்லாம் கொடுத்தார். அவளிடமும் ஒரு டம்ளரை நீட்டினார்.

"ஐயா, நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

"சிரிச்சவங்கதாம்மா ஓடியாந்து தூக்கினாங்க. அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "உன் மேல இன்னும் இருக்குது. இல்லன்னு சொன்னா பொய்யாப் பூடும். ஆறட்டும். டீயக் குடிமா."

அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு ராமராஜனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வாசலிலும் பள்ளத்தின்மேல் இரும்புத் தகடு போடச் சொன்னாள். அவன் முகத்தைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.