மருமகளுக்கு மட்டும் வராத பிரிண்ட்

பிரிண்டர் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு பரம சாதுவாக மேசை மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளியிருந்த மருமகளுடைய லேப்டாப்போ, 'பிரிண்டரைக் காணவில்லை' என்று ஏழாவது முறையாகச் சாதித்தது.

"காணோமாம் அத்தை! மூக்குக்கு நேரா நிக்குது, காணோமாம்."

மாமியார் கையில் கத்தியும் பாதி நறுக்கிய வெங்காயமுமாக எட்டிப் பார்த்தார். "மாமியார் நானே உன்கிட்ட இன்னும் சண்டை போடல. இதுக்கு என்ன கொழுப்பு பாரேன்."

அவள் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று. ஐந்து மணிக்குப் பாடகி ட்ரையலுக்கு வருகிறார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நான்கு மாதத்தில் கிடைத்த முதல் ஆர்டர், சனிக்கிழமை மேடையில் அவர் போட்டுக்கொள்ளப் போகும் நீளக் கோட்டு. லேப்டாப்பில் வரைந்து வைத்திருக்கும் அளவுகளை முப்பது தாள்களில் அச்செடுத்து, ஓரம் பார்த்து ஒட்டி, மாதிரித் துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டுத் தயாராக வைக்க வேண்டும். எப்படிப் பறந்தாலும் மூன்று மணி நேரம் பிடிக்கும். அச்சே வராவிட்டால் பாடகிக்கு டீயைத்தான் போட்டுக் கொடுக்கலாம்.

முந்தாநாள் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அன்றைக்குத்தான் புது ரௌட்டர் வந்தது. ஆறு ஆன்டெனாக்களைத் தூக்கிக்கொண்டு கூடத்து அலமாரி மேல் அது ஏறியதும், "கரப்பான் பூச்சியை மல்லாத்திப் போட்ட மாதிரி இருக்கு" என்றார் மாமியார். மாமனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொலைபேசித் துறையில் இருபத்தெட்டு வருடம் கம்பம் ஏறியவர். ரௌட்டரோடு வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் தன் கையாலேயே இணைத்துக் கொடுத்திருந்தார்.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" என்றான் அவன், ஆபீஸ் இரைச்சலுக்கு நடுவே.

"மூணு தடவை."

"ரௌட்டரை?"

"அதைத் தொட்டா உங்கப்பா என்னை வீட்டை விட்டு அனுப்பிடுவார்."

"அதெல்லாம் மாட்டார். என்னை வேணா அனுப்புவார். நேத்து நான் கேஸ் பில்லை அந்தப் பிரிண்டர்லதானே எடுத்தேன், ஜோரா வந்துச்சே?"

அதுதான் அவளுக்குப் புரியவில்லை. மாமனாரும் வந்து நின்று, தன் போனிலிருந்து ஒரு குறுக்கெழுத்துக் கட்டத்தை அனுப்பிக் காட்டினார். பிரிண்டர் அவர் சொல்லுக்குக் காத்திருந்த மாதிரி கிறீச்சென்று எழுந்து தாளை நீட்டியது.

"எனக்கு வருதேம்மா!" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"அப்ப என் ஃபைலை உங்க போனுக்கு அனுப்பறேன் மாமா. அதுலேருந்து எடுங்க."

முதல் தாள் வந்ததும் அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். சரியான அளவில் அச்சாகியிருக்கிறதா என்று சோதிக்க மூலையில் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போட்டு வைப்பது அவள் வழக்கம். சதுரம் நாலே முக்கால்தான் இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று போன் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிட்டது. அதை மாற்ற மாமனாரின் போனில் வழியே இல்லை. தெருமுனைக் கடையிலும் இதே கதைதான். போன மாதம் வீட்டில் மை தீர்ந்தபோது அங்கே எடுத்த சட்டைக் கழுத்தைப் பொம்மைக்குத்தான் மாட்ட முடிந்தது.

"கால் சென்டிதானே?" என்றார் மாமனார்.

"முப்பது தாளை ஒட்டினா பாடகியால மூச்சு விட முடியாது மாமா."

"பாடறவங்களுக்கு அது ரொம்ப முக்கியமாச்சே" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

ஒயர் போட்டு இணைக்கலாம் என்றால், அவளுடைய ஒல்லி லேப்டாப்பில் அந்த ஒயருக்கு இடமே இல்லை. கடைசியில் அவள் பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்து, அது எந்த இணைப்பில் இருக்கிறது என்று சொல்லும் விவரத் தாளை எடுத்தாள். 'ஹோம்' என்றிருந்தது. தன் லேப்டாப்பின் மூலையிலிருந்த வைஃபை குறியைத் தட்டினாள்.

'ஹோம் கெஸ்ட்.'

"மாமா, ஹோம் பாஸ்வேர்டு என்ன?"

"அலமாரிக் கதவுக்குப் பின்னால எழுதி ஒட்டியிருக்கேம்மா" என்றார் அவர், குறுக்கெழுத்தில் கண்ணை வைத்தபடி.

கதவைத் திறந்தாள். அவருடைய கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டும், கீழே கோடு போட்டு அழகாக ஒரு பட்டியலும். ஹோம்: நான், மனைவி, பையன், டிவி, பிரிண்டர். அதற்குக் கீழே தனியாக, கெஸ்ட்: மருமகள்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். டிவி இந்த வீட்டு ஆள். நாலாயிரம் தாளைத் தின்று தீர்த்த பிரிண்டரும் இந்த வீட்டு ஆள். நான்கு மாதமாகச் சாவி எங்கே, சர்க்கரை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டிருந்தவள் மட்டும் விருந்தாளி. வேலை நேரத்தில் இதற்கெல்லாம் அழுவதா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"கெஸ்ட் லைன்ல இருக்கறவங்களுக்கு வீட்டுக்குள்ள இருக்கற எதுவும் கண்ணுல படாது மாமா" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "அதான் பிரிண்டரைக் காணோம்னு சொல்லியிருக்கு."

குரல் சரியில்லை என்று மாமியாருக்குத்தான் முதலில் உறைத்தது. ஈரக் கையோடு வந்து பட்டியலைப் படித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க இது? வீட்டுக்கு வந்த பொண்ணை இப்படித்தான் எழுதி வெப்பீங்களா? டிவிக்குக் கொடுத்த மரியாதைகூடவா அவளுக்கு இல்ல?"

மாமனார் பேனாவைக் கீழே போட்டார். "அய்யய்யோ, மரியாதைக்குத்தாண்டி அங்க வெச்சேன்! நம்ம லைன்ல என்ன கூட்டம் தெரியுமா? நான் மேட்ச் பாக்கறேன், நீ சீரியல், அவன் ராத்திரியெல்லாம் கேம். அந்த நெரிசல்ல புள்ள எப்படி வேலை செய்யும்? இந்த லைன்ல ஒரு ஈ காக்கா கிடையாது. முழுசா அவளுக்கு மட்டும்னு..." அவர் மருமகளைப் பார்த்தார். "இருக்கறதிலேயே நல்லதைத்தாம்மா உனக்குன்னு ஒதுக்கினேன். அது உன்னைக் கதவுக்கு வெளியில நிறுத்தும்னு எனக்குத் தெரியாதும்மா."

இருபத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவர், சின்னப் பையன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு நெரிசலே போதும் மாமா. அந்தப் பாஸ்வேர்டைப் படிங்க."

அவர் கதவில் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, அவள் தட்டினாள். அடுத்த நொடியே பிரிண்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் பக்கம் வந்தது. சதுரத்தை அளந்தாள். மிகச் சரியாக ஐந்து. அவள் கை தட்ட, மாமியார் ஈரக் கையோடு தட்ட, முப்பது தாளும் வந்து முடிந்தன. பிரிண்டர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முதல் பக்கத்தை நீட்டியது.

"ஐயோ! ஏழு தடவை அமுக்கினேனே!"

"தாள் போகுது, தாள் போகுது!" என்று மாமனார் தாள் தட்டைப் பிடித்து இழுக்க, அவள் காத்திருந்தவற்றையெல்லாம் லேப்டாப்பில் ரத்து செய்ய, மாமியார் யாரையும் கேட்காமல் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"இதுதான் எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர்" என்றார்.

அதன் பிறகு கூடத்துத் தரை முழுவதும் தாள்தான். மாமனார் பசை தடவினார். மாமியார் டிவியை அணைத்துவிட்டு ஓரம் வெட்டினார். ஐந்து அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது அவள் கடைசி ஓட்டுத்தையலைப் போட்டு முடித்தாள்.

பாடகி கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். கையைத் தூக்கினார். மூச்சை நன்றாக இழுத்து, ஒரு நீளமான ஸ்வரத்தை எடுத்துப் பிடித்தார். தையல் ஒன்றுகூட விடவில்லை.

"தோள்ல மட்டும் ஒரு விரல் குறைக்கலாமா? மத்தபடி அப்படியே உடம்போட பொருந்துதும்மா" என்றவர், கைப்பையில் போனைத் தேடினார். "மேடை லைட் எப்படியிருக்கும்னு ஒரு வீடியோ இருக்கு, காட்டறேன். உங்க வைஃபை கிடைக்குமா?"

மூலையில் நின்ற மாமனார் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாராளமா! உங்களுக்குன்னே தனி லைன் ஒண்ணு காலியா இருக்கும்மா" என்றார். "ஈ காக்கா கிடையாது."