மதகடியில் ஒரு ரைற்

தலைமன்னார்–மன்னார் பாதையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் யசிந்தா கொண்டக்டராகச் சேர்ந்தபோது, பொம்பிளைப் பிள்ளையின் குரல் டிரைவருக்குக் கேட்குமா என்று பலர் கேட்டார்கள். முதல் நாளே கேட்டது. பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டி அவள் "ரைற்!" என்று விட்ட சத்தத்துக்கு, வீதியில் படுத்துக் கிடந்த கழுதைகளும் எழும்பி விலகின.

அந்த ஒரு சொல்லை வைத்தே அவள் நாள் முழுவதையும் கொண்டுபோய்விடுவாள். வெட்டிச் சொன்னால் பஸ் கிளம்பும். இழுத்துச் சொன்னால், யாரோ ஓடி வருகிறார்கள், கொஞ்சம் பொறுக்க வேண்டும். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது அடுக்கடுக்காகச் சொன்னால், இன்னும் வரலாம். சீற்றுக்குச் சண்டை பிடிப்பவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னால், கதை முடிந்தது என்று அர்த்தம். பஸ்ஸின் சொந்தக்காரரும் டிரைவருமான சிங்கராசாவுக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சொற்களாகத்தான் கேட்கும். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

போன மாரியில், மழை விட்டிருந்த ஒரு காலை. பேசாலைக்கு வருமுன் உள்ள ஒரு மதகைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். வீதியின் பாதிக்குத் தடுப்பு. மற்றப் பாதியால் ஒரு வாகனந்தான் போகலாம். பஸ் அதற்குள் நுழைந்த பிறகு எதிரே ஒரு ஓட்டோ வந்து முட்டுவதுபோல நின்றது. ஓட்டி வந்தவன் ஒரு வெள்ளைக்கார இளைஞன். பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள் கொண்டுதிரியும் நீளப் பை பின் சீற்றில் கிடந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மீன் லொறி ஒட்டிக்கொண்டு நின்றது. ஓட்டோதான் பின்னுக்குப் போகவேண்டும்.

யசிந்தா இறங்கி ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்று கையை அசைத்தாள்.

"ரைற்... ரைற்... ரைற்..."

அவன் கைபிடியை அப்படியே வலப்பக்கம் முறித்தான். "நில்லு! நில்லு!" என்று அவள் கத்த முன்னம் பின் சில்லு வீதியை விட்டு இறங்கி, உப்புச் சேற்றுக்குள் புதைந்துவிட்டது.

அவன் முகம் சிவக்க இறங்கி வந்தான். "யூ செட் ரைற்!"

"யெஸ், ஐ செட் ரைற்! வை யூ கோ ரைற்?"

கேட்ட பிறகுதான் தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தது. ரைற் என்றால் வலது என்று அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். பஸ்ஸில் ஏறிய நாளிலிருந்து அந்தச் சொல்லுக்குத் திசையே இருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "சொறி. மை ரைற், நோ சைட். மை ரைற், கம்," என்றாள். அவன் தலையை ஆட்டினான். விளங்கியதாகத் தெரியவில்லை.

பஸ்ஸின் யன்னலால் மேரி ரோஸ் எட்டிப் பார்த்தார். சீனி வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக் காட்டப் போகிறவர். "பிள்ளை, பிந்திப் போனா டொக்டர் எழும்பிப் போயிடுவார்."

"அப்ப எல்லாரும் இறங்குங்கோ. தள்ளினாத்தான் வழி."

முன் சீற்றில் கந்தோர் வேலைக்குப் போகும் வின்சன்ட் தேய்த்த வெள்ளைச் சேட்டோடு அசையாமல் இருந்தார். "பிழை விட்டது நீர். எங்களை இறங்கச் சொல்ல உமக்கு என்ன ரைற் இருக்கு?"

"இருக்கிறதெண்டா இருங்கோ ஐயா. நீங்கள் இருக்கிற வரைக்கும் பஸ்ஸும் இதிலதான் இருக்கும்."

அவர் இறங்கினார்.

வெள்ளைக்காரன் ஓட்டோவில் ஏறி எஞ்சினை முறுக்கினான். ஆட்கள் சுற்றிநின்று கைவைத்தார்கள். தள்ளத் தொடங்கியதும் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருடைய வாயிலும் அதே சொல் வந்தது. "ரைற்! ரைற்! இன்னும் ரைற்!" மேரி ரோஸ்கூட வீதிக்கரையில் நின்று ரைற் சொன்னார். அவன் என்ன செய்வான்? மறுபடியும் வலப்பக்கம் முறித்தான். மற்றச் சில்லும் இறங்கியது.

"வாயை மூடிக்கொண்டு தள்ளுங்கோ!" என்றாள் யசிந்தா. ஒரு தரம் மூடினார்கள். அடுத்த தள்ளலில் திரும்பவும் வந்துவிட்டது. இந்தச் சனத்தின் வாயை மாற்ற ஏலாது என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

அவள் ஓட்டோவின் பக்கம் போய், "யூ, டவுன்," என்றாள். "ஐ ட்ரைவ். யூ புஷ்."

அவன் சந்தேகமாகப் பார்த்தான். யசிந்தா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தம்பி நிறோஜனின் ஓட்டோவைச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிப் பழகியவள். கைபிடியை நேராகப் பிடித்து, எஞ்சின் உறுமாமல் மெல்ல மெல்ல முறுக்கினாள்.

"இப்ப சொல்லுங்கோ!"

"ரைற்! ரைற்! ரைற்!"

எல்லாரையும்விட உரத்த குரல் பின்னாலிருந்துதான் வந்தது. முழங்கால்வரை சேற்றில் நின்று, வின்சன்ட்டின் தோளோடு தோள் முட்டித் தள்ளிக்கொண்டே, அந்த வெள்ளைக்காரனும் ரைற் சொன்னான். ஓட்டோ ஒரு முக்கு முக்கி வீதியில் ஏறியது. யசிந்தா எஞ்சினை நிறுத்தாமல் அதை நேரே பின்னுக்குக் கொண்டுபோய் மதகு முடியும் இடத்தில் ஓரங்கட்டினாள்.

வெள்ளைக்காரன் ஓடி வந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினான். "ஓல் ரைற்?"

"ஓல் ரைற்," என்று திறப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

பஸ்ஸுக்குள் எல்லாரும் ஏறியபோது வின்சன்ட்டின் சேட்டில் சேறு தெறித்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கியிருந்தால் முதலே வந்திருக்கும் என்று பக்கத்து ஆளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். மேரி ரோஸை ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். டொக்டர் இன்னும் எழும்பவில்லை.

மன்னார் பஸ் நிலையத்தில் சிங்கராசா தேத்தண்ணிக் கோப்பையோடு அவளிடம் வந்தார்.

"பிள்ளை, நீ பஸ் ஓடுற ஹெவி லைசென்சுக்குப் போடன்."

"போன கிழமையே போட்டிட்டன், அண்ணை. மெடிக்கலும் எடுத்தாச்சு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வா. பஸ்ஸை வெட்டவெளியில கொண்டுபோய்ச் சுத்திப் பழகு. கிளச் கொஞ்சம் இறுக்கம், இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஓம்," என்றாள் யசிந்தா, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே.