கூட்ட நேரத்து ரேட்

மோகன்ராஜ் அண்ணனை அன்றைக்கு நான் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். நகரியில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் அவர்தான். போன மாதம் ஒரு புதுச் சட்டம் போட்டார்: லைனில் கூட்டம் சேரும் நேரத்துக்குத் தனி ரேட். காலை பத்திலிருந்து பதினொன்று வரை வேகம் வேண்டுமென்றால் ஐம்பது ரூபாய். கட்டாதவர்களுக்கு லைன் நொண்டும்.

"காசுன்னா பாதிப் பேரு வெலகிக்குவாங்கம்மா. கட்டினவங்களுக்கு ஜோரா ஓடும்" என்றார்.

நான் கட்டினேன். டிகிரியை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக வீட்டில் கிடக்கிறேன். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் பில்லிங் வேலைக்கு இப்போதுதான் கடைசிச் சுற்று வரை வந்திருந்தேன். பத்து மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. அதே பத்து மணிக்குத்தான் திருமலை விரைவு தரிசன டிக்கெட்டும் ஆன்லைனில் திறக்கிறது. தெரிந்துதானே ஐம்பது ரூபாயை அழுதேன்!

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அந்த மேடம் கேட்டதும் படம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை கட்டாகி, மூன்று முறை நுழைந்தேன். நான்காம் முறை உள்ளே யாருமில்லை. சுற்று முடிந்தது, நன்றி என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.

செருப்புகூட மாட்டாமல் மோகன்ராஜ் கடைக்கு ஓடினேன்.

"இன்னாண்ணா இது? காசும் வாங்கிக்கினு கழுத்தையும் அறுக்கிறியா?"

"நான் இன்னாம்மா பண்றது? எல்லாருமே கட்டிட்டாங்க. ஒருத்தர்கூட வெலகல."

"மலை டிக்கெட்டுக்கு அம்பது ரூபாயப் பாத்து எவன் வெலகுவான்? நீ நகரியில பொறந்தவன்தானே? கூட்டத்தக் கொறைக்கறேன்னு கூட்டத்துக்கிட்டயே வசூல் பண்ணிட்டு, லைன மட்டும் அப்பிடியே வெச்சிக்கினு இருக்கியே!"

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "இதப் பாத்துட்டுத் திட்டு. ஒங்க வூட்டு லைன்ல, உன்னோடது போக, அஞ்சு போன் ஓடிக்கினு இருந்திச்சி."

அஞ்சா? என்னுடையதை விட்டால் எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு.

திரும்பி வந்து பார்த்தால், வீட்டுப் பின்பக்கம் என் அப்பா, நைனா, கட்டிலில் ஐந்து போன்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். டிக்கெட் திறக்கும் நாளில் எங்கள் ஊரில் ஒற்றைப் போனோடு யாரும் உட்காருவதில்லை.

"கெடச்சிடுச்சி காவ்யா! ஒனக்கு வேலை வந்தா மலைக்குக் கூட்டியாறேன்னு வேண்டிக்கினேன். நீதான் காசு கட்டிட்டியே, அந்த ஸ்பீடு வீணாப் போவுதேன்னு பக்கத்துல ரத்தினம்மா வூட்டு மூணு போனையும் நம்ம லைன்லயே போட்டேன்."

வாடகை வேனில் காலி சீட்டு இருந்தால் பக்கத்து வீட்டாரை ஏற்றிக்கொள்கிற மனுஷன். லைனையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்டர்வியூ போச்சி நைனா. உன்னாலதான் போச்சி."

சிரிப்பு நின்றது. கையிலிருந்த போனையே பார்த்தார். டிக்கெட்டில் முதல் பெயர் என்னுடையது.

"அப்ப இத இன்னா பண்றது?" என்றார்.

"நீயே போ. அங்கயும் எல்லாரும் சீக்கிரம் போவத்தான் காசு கட்டிட்டு நிப்பாங்க. நடுவுல நின்னு பாரு. எனக்கு இன்னா ஆச்சின்னு தெரியும்."